காலிக் கோப்புகளின் கைத்திறன்

பென்னலூரிலிருந்து பெங்களூர் ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்றைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார். ஒரகடத்தில் லாரி, புல்லட். சுங்குவார்சத்திரம் பக்கம் போன். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் டிவி, டெல் லேப்டாப். இரும்பு பூட்டுவதைப் பார்க்க கேட் பாஸ் வேண்டும். இந்தச் சரக்குகளில் பலவற்றுக்குள் ஓடும் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலைப் பூட்டுவதைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். முழு மூலநிரலையும் இறக்கி, திறந்து வைத்துக்கொண்டு ரசிக்கலாம். ஸ்மார்ட் டிவியின் செட்டிங்ஸை அடிவரை துருவினால் 'திறமூல உரிமம்' என்று ஒரு பக்கம் வருமே, யாரும் படிக்காத பக்கம், அது சொல்வதும் இதைத்தான்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பு சுமார் 10,000 வரி. இன்று அது 4 கோடி வரியைத் தொட்டுவிட்டது. ஆனால் மூட்டையைப் பிரித்தால் மேல்மட்டத்தில் தெரிபவை இருபத்துச் சொச்சம் டைரக்டரிகள்தான். நினைவகத்துக்கு 'எம்எம்', கோப்பு முறைமைகளுக்கு 'எஃப்எஸ்', பிறகு 'நெட்', 'சவுண்ட்', 'ஆர்ச்', 'டிரைவர்ஸ்'. மொத்த நிரலில் பாதிக்கு மேல் அந்த டிரைவர்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. எது எங்கே இருக்கும் என்று பெயரை வைத்தே ஊகிக்கலாம், ஊகம் பெரும்பாலும் தப்பாது. நம்ம ஊரில் பூட்டும் டெல் லேப்டாப்பையே எடுத்துக்கொள்வோம். டிரைவர்ஸ், அதற்குள் பிளாட்ஃபார்ம், அதற்குள் எக்ஸ்86, அதற்குள் 'டெல்'. கீபோர்டுக்கு அடியில் எரியும் விளக்கு, வைஃபையை அணைக்கும் சாவி, மைக்கின் வாயை அடைக்கும் பொத்தான் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. முன்பு இந்தக் கோப்புகள் மற்ற கம்பெனிகளின் கோப்புகளோடு ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. 2021இல்தான் தனி டைரக்டரிக்குக் குடிமாறின. அதனால் லேப்டாப்பின் வேகம் ஒரு துளிகூடக் கூடவில்லை. அடுத்து வந்து தேடுபவருக்குச் சிரமம் குறைந்தது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பெரிய விஷயம்.

கட்டும் வேலையைச் செய்வது 'மேக்'. பெல் லேப்ஸில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய கருவி. கட்டளை வரி டேபில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் போட்டால் முறைத்துக்கொள்ளும். இந்தக் கிறுக்குத்தனத்தை ஃபெல்ட்மேன் சீக்கிரமே உணர்ந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், அவர்களைத் தொந்தரவு செய்ய மனமின்றி விட்டுவிட்டாராம். ஐம்பது வருஷமாக உலகம் அந்த டேபைச் சுமக்கிறது.

அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு கர்னல்காரர்கள் செய்திருப்பதைப் பாருங்கள். ஹூண்டாய் லைனில் ஒரே பெல்ட்டில் சன்ரூஃப் உள்ளதும் இல்லாததும், இடப்பக்க ஸ்டியரிங்கும் வலப்பக்க ஸ்டியரிங்கும் மாறி மாறி வருவதுபோல, ஒரே மூலநிரலிலிருந்து போனுக்கும் டிவிக்கும் சூப்பர் கம்ப்யூட்டருக்கும் கர்னல் வரவேண்டும். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை 'கேகான்ஃபிக்' பட்டியலில் டிக் செய்கிறோம். டிரைவர் போன்ற பல உருப்படிகளுக்கு மூன்று பதில் உண்டு. 'ஒய்' என்றால் கர்னலோடு சேர்த்துக் கட்டு. 'எம்' என்றால் வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் மாட்யூலாகத் தனியே கட்டு. பதிலே இல்லையென்றால் விட்டுவிடு. சாதாரணமாக எழுதுகிறவர் இதற்கு ஆயிரக்கணக்கில் 'இப்படியானால் அப்படி' என்று நிபந்தனை அடுக்குவார். இங்கே ஒரு டிரைவருக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியில், கட்ட வேண்டிய கோப்புகளின் பட்டியல் பெயருக்குக் கடைசி எழுத்தாக அந்தப் பதிலே போய் ஒட்டிக்கொள்கிறது. 'ஒய்' ஒட்டினால் கோப்பு ஒரு பட்டியலில் விழும், 'எம்' ஒட்டினால் இன்னொன்றில். எதுவும் ஒட்டாவிட்டால் வால் இல்லாத மூன்றாவது பட்டியலில் விழும். அந்தப் பட்டியலை எடுத்துக் கட்ட ஆளே கிடையாது. வேண்டாததை நீக்க ஒரு வேலையும் செய்யாமலே அது நீங்கிவிடுகிறது. இதைவிடச் சுருக்கமான 'வேண்டாம்' ஒன்றை நான் நிரலில் பார்த்ததில்லை.

இதையும் மிஞ்சும் ஒரு வேலை உள்ளே ஒளிந்திருக்கிறது. டிக் செய்த விடைகள் எல்லாம் ஒரே தலைப்புக் கோப்பில் போய்ச் சேர்கின்றன. எல்லா நிரலும் அதைப் படிக்கிறது. ஆகவே ஒரு டிக்கை மாற்றினால், மேக்கின் கணக்குப்படி எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். அதைத் தவிர்க்க 'ஃபிக்ஸ்டெப்' என்று ஒரு குட்டி நிரல். ஒவ்வொரு மூலக்கோப்பும் எந்தெந்த விருப்பத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று அது பார்க்கிறது. சார்புப் பட்டியலிலிருந்து அந்தப் பொதுத் தலைப்புக் கோப்பை எடுத்துவிட்டு, விருப்பத்துக்கு ஒன்றாக வைத்திருக்கும் சின்னக் கோப்புகளை எழுதிவிடுகிறது. அந்தச் சின்னக் கோப்புகளைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது, அத்தனையும் காலி. கடைசியாகத் தொட்ட நேரம் மட்டும்தான் அவற்றின் சரக்கு. டிக்கை மாற்றினால் அதற்குரிய காலிக் கோப்பின் நேரம் மாறும். அதைச் சார்ந்த நிரல் மட்டும் மறுபடி கட்டப்படும், மற்றவை அசையாது.

எல்லாமே இப்படி அழகு என்று சொல்ல மாட்டேன். ஏஎம்டி கிராஃபிக்ஸ் டைரக்டரி பல லட்சம் வரி. பெரும்பகுதி கருவியால் உருவாக்கிக் கொட்டிய ரெஜிஸ்டர் பட்டியல், ரசிக்க ஒன்றுமில்லை. 'ஸ்டேஜிங்' டைரக்டரி வேறு ரகம். இன்னும் பக்குவப்படாத டிரைவர்கள் காத்திருக்கும் இடம் அது. இன்னின்ன குறையைச் சரிசெய்ய வேண்டும் என்று கூடவே ஒரு குறிப்பும் இருக்கும். தன் அசிங்கத்தை எழுதியே வைத்துக்கொள்ளும் நேர்மை எனக்குப் பிடிக்கும்.

போன்களின் சிப்புகளால் ஒரு காலத்தில் இந்த வீடு நாறிப்போயிருந்தது. ஆர்ம் சிப்புக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக, போர்டுக்கொரு கோப்பு எழுதித் தள்ளினார்கள். 2011இல் டோர்வால்ட்ஸ் பகிரங்கமாகவே வெடித்தார். அதன் பிறகுதான் 'டிவைஸ் ட்ரீ' முறை அங்கே வேரூன்றியது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற விவரம் நிரலிலிருந்து பிரிந்து, தனி விவரக் கோப்பாயிற்று. ஆனாலும் போன் கம்பெனிகள் பல, மூலநிரலைக் கிளை பிரித்து, தங்கள் திருத்தங்களைத் தாய்மரத்துக்குத் திருப்பித் தராமலே சரக்கை விற்றுவிடுகின்றன. பல போன்களுக்குச் சீக்கிரமே அப்டேட் நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கர்னலோடு நிற்காமல் முழு இயங்குதளத்தையும் ஒரே மரத்தில் வளர்ப்பது ஃப்ரீபிஎஸ்டி. 'பில்ட்வேர்ல்டு' என்று ஒரு கட்டளை கொடுத்தால், முதலில் கட்டுவதற்கான கருவிகளைக் கட்டி, பிறகு அவற்றைக் கொண்டு மற்றதைக் கட்டும். வெளியாட்கள் எழுதியதை 'கன்ட்ரிப்' டைரக்டரியில் தனியே வைக்கிறார்கள். ஒழுங்கில் லினக்ஸைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி. நம் பக்கத்தில் சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் இன்னொரு வழி. டெபியனின் பொதிகளைத் தேர்ந்து, இந்திய மொழிகளைச் சேர்த்துக் கட்டியது. தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்ந்து மாணவர் கைக்கு வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்தார்களோ.

பென்னலூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கர்னல் மூலநிரலை இறக்குங்கள். 'டாகுமென்டேஷன்' டைரக்டரிக்குள் 'கேபில்ட்' என்று ஒன்று இருக்கிறது, பாடப் புத்தகத்துக்கு முன்னால் அதைப் படியுங்கள். பிறகு, மிகக் குறைந்த விருப்பங்களை மட்டும் டிக் செய்யும் 'டைனிகான்ஃபிக்' கொடுத்துக் கட்டிப் பாருங்கள், சுமாரான லேப்டாப்பிலேயே சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு டிக்கை மாற்றி மறுபடி கட்டுங்கள். இந்த முறை திரையில் எத்தனை கோப்புகளின் பெயர் ஓடுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.