ஒத்திவைப்பு என்கிற சொல்

கொரோனாத் தொற்றால் 2020இல் விமானங்கள் நின்றன. சர்வதேசக் கால்பந்துப் பந்தயங்களும் நின்றன. பத்திரிகைகள் பெரும்பாலும் 'ஒத்திவைப்பு' என்றே எழுதின. ஐரோப்பியக் கோப்பைக்கு அந்தச் சொல் பொருந்தும். 2020 என்ற பழைய பெயரோடேயே அது 2021இல் நடந்தது.

ஆனால் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை? முதலில் 2021க்குத் தள்ளினார்கள். பிறகு ரத்து செய்துவிட்டு, 2022ஆம் ஆண்டுப் பந்தயத்தை இந்தியாவுக்குத் தந்தார்கள். நாட்டுக்கு நஷ்டமில்லை. 2003, 2004இல் பிறந்து, தயாராக நின்ற பெண்களுக்கோ வயது கடந்துவிட்டது.

தூத்துக்குடி மாவட்டத்துப் பெரியதாழையில், மீன் கூட்டம் கடந்துபோய்விட்டால் ஒத்திவைப்பு என்று எந்த மீனவரும் சொல்ல மாட்டார். மீன்பாடு இல்லை என்பார். நோய்க்கு அஞ்சி நிறுத்தியதைக் குறை சொல்வதற்கில்லை. இழப்பை இழப்பென்றே எழுதியிருக்கலாம்.