தேவந்தியின் அழைப்பு

பெண்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, ஆண் துணையின்றி, நேர்த்திக்கடன் எதுவுமின்றி, கடற்கரை வழியே மூன்று நான்கு நாட்கள் நடந்துவிட்டு வரப் புறப்பட்டால், நம் ஊர்களில் முதலில் எழும் கேள்வி ‘எதற்கு?’ என்பதாகவே இருக்கும். மேலை நாடுகளில் இதற்கு விடுமுறை என்று பெயர். வேல்ஸ் நாடு தன் கடற்கரை முழுவதையும் தொட்டுச் செல்லும் சுமார் 1,400 கிலோமீட்டர் நடைபாதையை 2012-ஆம் ஆண்டு மே மாதம் திறந்து வைத்தது. வசந்தம் பிறந்ததும் அத்தகைய பாதைகளில் பெண்கள் குழுக்களாக நடக்கின்றனர், நடந்தபின் எழுதுகின்றனர், எழுதியதைப் படித்து வேறு பெண்கள் புறப்படுகின்றனர். நமக்கும் நீண்ட கடற்கரை உண்டு. நடக்கும் பெண்களும் உண்டு. மீன் கடகத்தைத் தலையில் சுமந்து உள்ளூர்களுக்கு நடந்தவர்கள் உண்டு. மணப்பாட்டுக்கும் உவரிக்கும் திருச்செந்தூருக்கும் வேண்டுதலோடு நடப்பவர்கள் உண்டு. ஆனால் பிழைப்புக்காகவும் அன்றி, நேர்ச்சைக்காகவும் அன்றி, நடையின் மகிழ்ச்சிக்காகவே நடந்த பெண்ணை நம் இலக்கியம் அறிந்திருக்கிறதா? இக்கேள்வியோடு சில நூல்களை மீண்டும் புரட்டிப் பார்த்தேன்.

தொடக்கத்தில் அறிந்துதான் இருந்தது. சங்கப் பாடல்களில் தோழியர் கூட்டத்துக்கு ‘ஆயம்’ என்று அழகிய பெயர் உண்டு. நெய்தல் நிலத்து ஆயம் கடற்கரைக்குப் போகிறது, மணலில் சிற்றில் கட்டுகிறது, நண்டைத் துரத்துகிறது, ஓரை ஆடுகிறது, அடும்பு மலரைப் பறிக்கிறது. ஆட்டின் குளம்புபோல் பிளந்த இலையுடைய அந்த அடும்புக்கொடி இன்றும் நம் கரைகளில் ஊதாப் பூக்களோடு படர்ந்து கிடக்கிறது. ‘இவர்கள் ஏன் கடற்கரைக்கு வந்தார்கள்?’ என்று எந்தப் புலவனும் கேட்கவில்லை. ஆனால் அதே அகப்பொருள் மரபில் இன்னொரு சொல்லும் உண்டு. அது ‘இற்செறிப்பு’. பெண்ணின் காதலை வீட்டார் ஐயுற்றதும் அவளை வீட்டுக்குள் அடைத்துவிடுவதற்கு அப்பெயர். கடல் கடக்கும் பயணம் பெண்ணோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியமும் எழுதி வைத்துவிட்டது. பின்வந்த நூற்றாண்டுகள் ஆயத்தை மறந்தன, இற்செறிப்பை மறக்கவில்லை.

மறக்கவில்லை என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் கோட்டைப் பிள்ளைமார் என்னும் சிறு சமூகத்தார் மண்மதில் சூழ்ந்த கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்களுடைய பெண்கள் மதிலுக்கு வெளியே வருவதில்லை. நெருங்கிய உறவினர் அல்லாத ஆடவர் அவர்களைக் காணவும் கூடாது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்த அவ்வாழ்வைக் குறித்து மானிடவியல் அறிஞர் கமலா கணேஷ் ‘பவுண்டரி வால்ஸ்’ என்னும் ஆங்கில ஆய்வு நூலை 1993-இல் வெளியிட்டார். எல்லைச் சுவர்கள் என்னும் அத்தலைப்பே நூலின் பொருளைச் சொல்லிவிடுகிறது. சாதியின் எல்லையை உண்மையில் காத்தது மண்மதிலா, அதற்குள் இருந்த பெண்ணா என்ற கேள்வி நூலைப் படிப்பவரை விடுவதில்லை.

அந்த மதிலிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அங்கே வடகாலுக்கும் தென்காலுக்கும் நீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எஞ்சியதோடு நதி ஆழ்வார்திருநகரியையும் ஏரலையும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களையும் கடந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. நிதானமாக நடந்தாலும் இரண்டு நாள் போதும். நதிக்கு இருந்த அந்த வழி, அதன் கரையில் பிறந்த அப்பெண்களுக்கு இருக்கவில்லை.

கோட்டைகள் மண்ணால் மட்டும் கட்டப்படுவதில்லை. நம் பெருங்காப்பியமான சிலப்பதிகாரத்தில் பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடும் ஓர் இடம் உண்டு. இந்திர விழா முடிந்துவிட்டது. கோவலனும் மாதவியும் கடலாடி, கானலில் பாடி, பிரிந்தும் விட்டனர். கடற்கரைக்கு அவன் கோவேறு கழுதையில் போனான், அவள் வண்டியில் போனாள், இருவரும் நடக்கவில்லை. வேனில் காதையும் கழிந்தபின், கனாத்திறம் உரைத்த காதையில் தோழி தேவந்தி கண்ணகியிடம் வருகிறாள். காவிரி கடலோடு மோதும் துறையில், நெய்தல் கானலில், சோமகுண்டம் சூரியகுண்டம் என்று இரண்டு குளங்கள் உள்ளன. அவற்றில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுத மகளிர் கணவரோடு இன்புறுவர். நாமும் ஒருநாள் போய் ஆடுவோம் என்று அழைக்கிறாள். இளவேனிற் காலம், கடற்கரை, பெண்ணோடு பெண்ணாக ஒரு சிறு பயணம். கண்ணகி அது பெருமையன்று என்னும் பொருள்பட ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள்.

அம்மறுப்பைக் கற்பின் மாண்புக்குச் சான்றாகவே உரை சொல்வோர் சொல்லி வருகின்றனர். கணவனையன்றிப் பிற தெய்வம் தொழாதவள் என்பது அவர்கள் விளக்கம். அது தவறென்று சொல்லமாட்டேன். ஆயினும் எதை மறுத்தாள் என்பதையும் பார்க்க வேண்டும். தேவந்தி கடலைக் காட்டி அழைக்கவில்லை. கணவனைத் திரும்பப் பெறும் உபாயத்தைக் காட்டி அழைத்தாள். வாசலைத் தாண்டுவதற்கு அக்காலத்துத் தோழிக்கும் ஒரு வேண்டுதல் தேவைப்பட்டது. ‘கடல் பார்த்து நாளாயிற்று, காற்று வாங்கிவிட்டு வருவோம், வா’ என்று மட்டும் அழைத்திருந்தால் கண்ணகி என்ன சொல்லியிருப்பாள்? காப்பியத்தில் விடை இல்லை. ஏனெனில் அப்படி அழைக்கத் தேவந்திக்குத் தெரியவில்லை. அல்லது இளங்கோவுக்குத் தோன்றவில்லை.

அதன்பின் கோவலன் திரும்பி வர, வைகறை இருளிலேயே கண்ணகி நடக்கத் தொடங்குகிறாள். கடற்கரைக்குக்கூடப் போகாதவளுக்கு மதுரை வரை நடை. சிறிது தூரம் போனதுமே மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள்; முப்பது காதம்தான், பக்கத்தில்தான் என்கிறான் கணவன். இவ்வழியில்தான் கவுந்தியடிகள் சேர்ந்துகொள்கிறார். அவர் வாயிலாக நாடுகாண் காதையில் வரும் பகுதி, என் மதிப்பில், தமிழில் எழுதப்பட்ட வழிநடைக் குறிப்புகளிலேயே தலையாயது. சோலை வழியே போனால் கிழங்கு அகழ்ந்த குழிகளைச் செண்பகச் சருகும் பூவும் மூடியிருக்கும். அதற்கு அஞ்சி ஒதுங்கினால் பலாப்பழம் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் வளர்ந்த தோட்டத்தில் பலாக்கொட்டை பரல்கல் போலக் காலை உறுத்தும். வயல் வழியே போனால் நீர்நாய் கவ்விய வாளைமீன் துள்ளி இப்பெண்ணை வெருட்டும். நீர்க்கரையிலே நண்டும் நத்தையும் நம் காலடியில் சிக்கும். அத்துன்பத்தைத் தாங்க முடியாது. இதில் பாதத்தின் அறிவு இருக்கிறது. எங்கே வழுக்கும், எங்கே குத்தும், எங்கே நம் கால் பிறிதோர் உயிருக்குத் தீங்கு செய்யும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல நடந்தவரால்தான் முடியும். ஆடவர் எழுதிய பயண நூல்களில் கோபுரத்தின் உயரம் இருக்கும். கால் வைக்கும் இடம் இருப்பது அரிது.

வழியில் கேலியும் வருகிறது. ஒரு சோலையில் வீணன் ஒருவனும் அவனோடு வந்தவளும் கண்ணகியைக் கண்டு இழிசொல் பேச, அவள் செவியைப் பொத்தி நடுங்குகிறாள். கவுந்தியடிகள் அவ்விருவரையும் நரிகளாக்கிச் சபிக்கிறார். பின்னர் கண்ணகியும் கோவலனும் இரங்கி வேண்ட, சாபத்துக்குப் பன்னிரண்டு மாத எல்லை வைக்கிறார். துறவியின் அறத்துக்கு இது தகுமா என்று வாதிடுவோர் உண்டு. பேருந்து நிலையத்தில் ஒருமுறையேனும் அப்படிப்பட்ட சொல்லைக் கேட்டு நடுங்கிய பெண்களிடம் அவ்வாதத்தை வைத்துப் பார்க்கட்டும்.

வெயில் தாங்காமல் பாண்டிய நாட்டில் அவர்கள் இரவில் நடக்கத் துணிகின்றனர். பாண்டியன் செங்கோல் காக்கும் நாட்டில் கரடி, புலி, பாம்பு, சூர், முதலை, இடி எதுவும் வழிப்போக்கருக்குத் தீங்கு செய்யாது என்கிறான் கோவலன். நம் நாட்டைப் பற்றிய புகழுரை இது. கொற்கை அந்நாட்டுத் துறைமுகம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் மனிதன் இல்லை. நம் பகுதியில் இளவேனில் என்பது பனி உருகும் காலமன்று. வெயில் ஏறும் காலம். இங்கே நடப்பவர் இரவிலும் விடியலிலும்தான் நடக்க முடியும். எனவே பெண்கள் நடப்பது பற்றிய பேச்சு இங்கே எப்போதும் இரவைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது.

கவுந்தியடிகளை எண்ணும்போது இன்னொன்றும் புலப்படுகிறது. தமிழ் மரபில் தம் விருப்பப்படி நடந்த பெண்கள் யார் யார்? கவுந்தி துறவி. ஔவை கிழவி. காரைக்கால் அம்மையார் அழகையும் தசையையும் உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்ற பிறகே கயிலைக்குப் புறப்பட்டார். கடற்கரை ஊரில் பிறந்த அவர் அங்கே காலால்கூட நடக்கவில்லை, தலையால் நடந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. துறவு, முதுமை, பேய்மை. இம்மூன்றில் ஒன்றைக் கட்டணமாகச் செலுத்தினால்தான் பாதை திறந்தது. சமைத்து, பிள்ளை வளர்த்து, முழங்கால் வலியோடு இருக்கும் நாற்பது வயதுக் குடும்பத்தலைவிக்கு அதில் இடமில்லை.

கிறிஸ்தவ மரபில் இக்கட்டணம் சற்றுக் குறைவு. லூக்கா நற்செய்தி, கலிலேயாவின் ஊர்களில் இயேசுவோடு சென்ற பெண்களை மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. யோவன்னா, ஏரோதின் அரண்மனை அதிகாரியின் மனைவி. வீட்டை விட்டு வந்து நடந்தவர். பாஸ்கா விழாவை ஒட்டிய வசந்தகால விடியலில் கல்லறைக்கு நடந்ததும் பெண்கள் கூட்டமே. கல்லை யார் புரட்டுவார் என்று வழிநெடுகப் பேசிக்கொண்டே போயினர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித நாட்டுக்குப் பயணம் செய்த எஜீரியா என்னும் பெண், ஊரில் இருந்த தம் சகோதரிகளுக்கு எழுதிய நீண்ட மடலின் ஒரு பகுதி 1884-இல் இத்தாலியின் அரேஸ்ஸோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. சீனாய் மலையில் விலங்கின்மேல் ஏற முடியாமல் கால்நடையாகவே ஏறியதை அதில் எழுதுகிறார். பெண்ணொருத்தி பெண்களுக்காக எழுதிய நடைக்குறிப்பு நம் திருச்சபையின் பழஞ்சொத்துகளில் ஒன்று என்பதை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்கால எழுத்துக்கு வருவோம். சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ சிறந்த நூல். அதன் தலைப்பு கானல்வரியிலிருந்து வந்தது. நடந்தவள் காவிரி, ஆசிரியர்கள் பெரும்பாலும் காரில் போனார்கள். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) மணப்பாட்டுக் கரையையும் பிலோமி என்னும் பெண்ணின் மனத்தையும் மறக்க முடியாதபடி எழுதியது. எனினும் அதன் அக்கறை படகும் காதலும் இழப்பும் சார்ந்தது, நடை அன்று. எஞ்சுபவை நம் பங்கு மலர்களிலும் திருத்தல விழா மலர்களிலும் வரும் பாதயாத்திரைக் குறிப்புகள். அவற்றில் எத்தனை பேர் நடந்தார்கள், எந்தக் கோயிலில் திருப்பலி, யார் உணவளித்தார் என்று ஒழுங்காக இருக்கும். நடந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதும், இரவில் சிரித்துச் சிரித்துப் பேசியதே பலருக்கு அந்த ஆண்டின் ஒரே ஓய்வு என்பதும், வழியில் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே நடந்தார்கள் என்பதும் இருக்காது. பக்தியைக் குறைத்துச் சொல்வதாகிவிடுமோ என்ற அச்சம் போலும். மகிழ்ச்சியைச் சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்று யார் சொன்னது?

ஆடவர் நடை நமக்கு நன்றாகவே பதிவாகியிருக்கிறது. புனித சவேரியார் 1544-இல் மான்சிலாஸ் என்னும் உடன் பணியாளருக்கு எழுதிய மடல்களைக் கொண்டு, மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று அவர் இக்கரையில் நடந்ததை ஊர் ஊராகத் தொடரலாம். அவருக்கு முன்னும் பின்னும் அதே மணலில் நடந்த பெண்களின் மடல் ஒன்றுகூட நம் கையில் இல்லை.

இளங்கோவும் இதில் நம்மைப் போலவே இருக்கிறார். காப்பியத்தின் முடிவில், கண்ணகியின் கதி கேட்ட செவிலித்தாயும் அடித்தோழியும் தேவந்தியும் புகாரிலிருந்து புறப்பட்டு மதுரைக்கு வருகின்றனர். மாதரியின் மகள் ஐயையைக் கூட்டிக்கொண்டு, வையைக் கரை வழியே மேற்கே சென்று, மலையேறிச் சேர நாட்டை அடைகின்றனர். ஆம், அதே தேவந்திதான். கடற்கரை வரை ஒருநாள் போய் வரலாம் என்று அழைத்தவள், தோழி இறந்தபின் தமிழகத்தைக் குறுக்காகக் கடந்து போகிறாள், பெண்களை மட்டும் கூட்டிக்கொண்டு. கீழைக் கடலிலிருந்து மேலை மலை வரை நீண்ட இந்த நெடும்பயணத்துக்கு வாழ்த்துக் காதையின் தொடக்கத்தில் கிடைத்த இடம் சில வரிகளே. முப்பது காதத்துக்குப் பலாக்கொட்டை முதல் எண்ணிச் சொன்ன புலவர், இவர்கள் கால் எங்கே குத்தியது, எந்தத் துறையில் இளைப்பாறினர், கண்ணகியைப் பற்றி என்ன பேசி அழுதனர், எதற்காவது சிரித்தனரா என்று ஒன்றும் சொல்லவில்லை.

புன்னைக்காயலில் தொடங்கி, காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், ஆலந்தலை, குலசேகரப்பட்டினம் என்று மணப்பாட்டுக் குன்று தெரியும் வரை, கடல் வற்றிய நேரத்தில் கெட்டிப்பட்ட ஈர மணலில் நடக்க முடியும். உலர்மணலில் கால் புதையும். ஒருபுறம் அடும்பு, சற்று உள்ளே தேரிச் செம்மண்ணில் பனை. பங்குனி, சித்திரையில் பதநீர் இறங்கும் காலம். அவ்வழியே தன் தோழியரோடு நடந்த ஒரு பெண் எழுதிய கட்டுரை இப்பக்கங்களில் வருமானால், வழியில் எத்தனை கோயில் கண்டார்கள் என்று எண்ண மாட்டேன். எந்த ஊரில் தயங்காமல் தண்ணீர் குடித்தார்கள் என்று முதலில் பார்ப்பேன்.