நெல் விளையாத நிலத்தின் கடவுள்

ஜலகண்டாபுரத்தைச் சூழ்ந்து, வடகிழக்கே தருமபுரிவரை விரியும் நிலம் பெரிதும் வானம் பார்த்த புன்செய். கொள்ளும் அவரையும் அங்கு இன்றும் விளைகின்றன. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335ஆம் பாடலுக்கு அத்தகைய நிலமே சிறந்த உரை.

பகைவரை எதிர்நின்று தடுத்து, யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்த வீரனின் நடுகல்லையன்றி, நெல் தூவிப் பரவும் கடவுள் வேறில்லை என்று அப்பாடல் முடிகிறது. இம்முடிவை மட்டும் பிரித்தெடுத்து, பழந்தமிழர் இறைமறுப்பாளர் என்பார் சிலர். முதிராத முன்னோர் வழிபாடு என்று ஒதுக்குவார் வேறு சிலர். இரு சாராரும் முன்வரிகளில் நிற்பதில்லை.

அவ்வரிகள் நான்கு நான்காக எண்ணிச் செல்கின்றன. பூக்கள் நான்கு. உணவு நான்கு: வரகு, தினை, கொள், அவரை. குடிகள் நான்கு: துடியன், பாணன், பறையன், கடம்பன். உணவு வரிசையில் நெல் இல்லை என்பதே பாடலின் திறவுகோல் எனலாம். நெல் நன்செய்யின் செல்வம். தன் குதிரில் இல்லாத நெல்லை ஏற்கும் தெய்வம் அச்சிற்றூருக்கு அயல். ஊருக்காக உயிர் ஈந்தவனின் கல்லே அதற்கு அண்மை. ஆகவே இது இறைமறுப்பன்று. எளியோர் தம் வாழ்வைக் கொண்டே புனிதத்தை அளந்த முறை.

இவ்வழிபாடு ஏட்டோடு நின்றதன்று. காட்சி முதல் வாழ்த்து ஈறாகக் கல் நாட்டும் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் 2006இல் வெளிப்பட்டன. தருமபுரிப் பகுதியில் நடுகற்களை வேடியப்பன் என்று மக்கள் இன்றும் வணங்குகின்றனர்.

பாடலில் குறையும் உண்டு. வீழ்ந்த பகைவருக்கும் தாய் உண்டு என்பதை அது நினைக்கவில்லை. எவரையும் கொல்லாது எல்லாருக்காகவும் உயிர் ஈந்தவரைத் தொழும் நமக்கு அம்மௌனம் உறுத்தும்.

எனினும் நம்மை நோக்கி அப்பாடல் எழுப்பும் கேள்வி அதனினும் கூரியது. பறை அறைவோனை ஊரின் குடியாக, ஏனையோருக்கு நிகராக அது எண்ணியது. மேடைகளில் நடுகல்லைப் போற்றுவோர் அவ்வரியை விரைந்து கடந்துவிடுகின்றனர். நாமும் அவர்களினும் மேம்பட்டவர் அல்லர். திருமுழுக்கால் ஒரே குடும்பமானோம் என்று அறிக்கையிட்ட பின்னும், தமிழகத்தின் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் சாதியால் பிரிந்தே கிடக்கின்றன. பழைய புன்செய் ஊர் எண்ணியவாறு நம் குடிகளை நாம் எப்போது எண்ணப்போகிறோம்?