விடயத் தலைப்பும் மக்கட் பெயரும்

புறக்கோட்டையின் வரலாற்றை ஆராயும் மாணவனொருவன் நூற்பட்டியலில் எச்சொல்லின் கீழ்த் தேடுவான்? தமிழில் அது புறக்கோட்டை, சிங்களத்தில் பிட்டகொட்டுவ, ஆங்கிலத்தில், 'பேட்டை' எனும் நமது சொல்லினின்று பிறந்த பெட்டா. மூன்றும் ஓரிடத்தையே குறிப்பினும் அகரவரிசை அவற்றை மூன்றிடங்களிற் சிதறவைக்கும். இச்சிதறலைத் தவிர்க்கவே நூலகவியலார் கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதியை வகுத்தனர். பல பெயர்களுள் ஒன்றைத் தலைப்பாக ஏற்று, ஏனையவற்றின் கீழ்க் 'காண்க' எனக் குறித்து, வாசகரை அத்தலைப்பிற்கு ஆற்றுப்படுத்துவதே அம்முறை. நான்காம் குறுக்குத் தெருவில் 'வற்றல் மிளகாய்' கேட்பவருக்கு வணிகர் செத்தல் மிளகாயை நிறுத்துக் கொடுப்பார். அவர் மனத்திலுள்ள அறிவையே நூலகம் எழுத்தில் வைக்கிறது.

இம்முறையின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. ஏற்கப்படும் பெயரை எவ்வளவுகோல் கொண்டு தெரிவது என்பதே வினா. 1876இல் பட்டியலாக்க விதிகளை வெளியிட்ட சார்ள்ஸ் கட்டர், பட்டியலிடுவோரின் வசதியினும் வாசகரின் வசதியையே பெரிதெனக் கொண்டவர். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்று, வாசகரின் நேரத்தைப் பேணுக என்பதாகும். இருவரும் வாசகரையே முதன்மைப்படுத்தினர். ஆயின் வாசகர் யாவரும் ஒரே பெயரை வழங்குவதில்லை. வழங்கும் பெயர்கள் யாவும் நடுநிலையானவையுமல்ல.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு முதலாக அரச ஆவணங்கள் 'இந்தியத் தமிழர்' எனப் பிரித்துக் காட்டிய மக்களுட் பலர் இன்று தம்மை 'மலையகத் தமிழர்' என்றே அழைக்கின்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர் என்பதை நினைவிற்கொண்டால், 'இந்திய' எனும் அடைமொழி அவர்களுக்கு உறுத்துவதன் காரணம் விளங்கும். அதனையே தலைப்பாகக் கொள்ளும் நூலகம், தான் அறியாமலே அரசின் தீர்ப்பை வழிமொழிகிறது.

அவ்வாறாயின் பழைய பெயரை நீக்கிப் புதியதை இட்டால் அமையுமோ? அமையாது. இந்தியாவிலிருந்து வந்து செட்டியார் தெருவில் வணிகஞ் செய்தோரும் கொழும்புத் துறைமுகத்தில் உழைத்த தமிழரும் இந்தியத் தமிழராகவே எண்ணப்பட்டனர், அவர்கள் மலையகத்தாரல்லர். எனவே இரு பெயர்களும் ஒருபொருட் சொற்களல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் 'காண்க' எனக் குறித்தால் புறக்கோட்டைத் தமிழரின் வரலாறு தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றினுள் மறைந்துவிடும்.

மலையகத் தமிழரைப் பற்றிய நூல்களுக்கு அவர்கள் ஏற்ற பெயரே தலைப்பாதல் வேண்டும். இந்தியத் தமிழர் என்பதனைக் குடிசன மதிப்பீட்டுப் பிரிவு எனும் பொருளில் மாத்திரம் தனித் தலைப்பாக வைத்து, அது எவ்வெவரை உள்ளடக்கியதென விளக்கக் குறிப்பெழுதி, இரண்டையும் 'மேலும் காண்க' என இணைத்தல் தகும். இதனாற் பட்டியலிடுவோரின் வேலை கூடும் என்பது உண்மையே. எனினும் தன் பாட்டனாரின் வரலாற்றைத் தேடிவரும் மாணவன், அவர் எந்தத் தெருவில், எந்தத் தோட்டத்தில் உழைத்தவராயினும், வெறுங்கையுடன் திரும்பான்.