இளவரசி காகுயாவின் கதை: ஒரு கரிசல் வாசிப்பு

‘இளவரசி காகுயாவின் கதை’ 2013 நவம்பரில் ஜப்பானில் வெளியான அசைவூட்டத் திரைப்படம். தயாரிப்பு ஸ்டூடியோ ஜிப்லி. இயக்கம் இசாவோ தகஹாத்தா (1935–2018). 137 நிமிடங்கள் ஓடும் இப்படம் கரிக்கோடும் நீர்வண்ணமுமாகக் கையால் வரையப்பட்டது. இதன் மூலம் ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘மூங்கில் வெட்டியின் கதை’. ஜப்பானிய உரைநடைக் கதைகளில் மிகப் பழையது என்று அதைக் கருதுகிறார்கள்.

பிள்ளையில்லாத முதியவர் ஒருவர் மூங்கில் காட்டில் கையளவுப் பெண் ஒருத்தியைக் கண்டெடுக்கிறார். மனைவியோடு சேர்ந்து அவளை வளர்க்கிறார். மூங்கிலிலிருந்து பொன்னும் பட்டும் கொட்டவே, மகளைத் தலைநகருக்குக் கொண்டுபோய் இளவரசியாக்குகிறார். ஐந்து பிரபுக்களும் பிறகு பேரரசரும் பெண் கேட்கிறார்கள். யாருக்கும் அவள் இணங்குவதில்லை. ஒரு முழுநிலா நாளில் நிலவுலகத்தார் வந்து அவளை அழைத்துப் போகிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. திருவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிச் செடியடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த பெண்ணும் மானிடருக்கு வாழ்க்கைப்பட மறுத்தவள்தான். அவளும் முடிவில் இந்த உலகை விட்டு மறைகிறாள். ஆனால் நம் மரபில் அந்த மறைவு பேறு. தகஹாத்தாவின் படத்தில் அது இழப்பு. வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வழக்கு நடந்தால் இப்படம் மண்ணின் பக்கம் சாட்சி சொல்லும்.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்து, கரிசல் காட்டுக் கதைகளைத் தேடிச் சேகரித்த கி. ராஜநாராயணனை இந்த இடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. நாட்டார் கதையில் பல இடங்கள் காலியாகவே இருக்கும். ‘ஊம்’ கொட்டுபவரும் ‘ஏன்’ என்று கேட்பதில்லை. சொல்பவர்தான் தன் ஊரையும் பயிரையும் வைத்து அந்தக் காலியிடங்களை நிரப்புவார். தகஹாத்தாவும் அதைத்தான் செய்கிறார். அவள் ஏதோ குற்றம் செய்ததால் பூமிக்கு அனுப்பப்பட்டாள் என்று மூலக்கதை சொல்கிறது. என்ன குற்றம் என்று சொல்வதில்லை. படம் அதற்கு விடை தருகிறது. பூமியிலிருந்து திரும்பிய ஒருத்தி கண்ணீரோடு பாடிய பாட்டைக் கேட்டு, அவள் பூமியின் மேல் ஆசைப்பட்டாள். அதுதான் குற்றம்.

அந்த ஆசையை நம்ப வைப்பவை கோடுகளே. தகஹாத்தா ஓவியர் அல்லர். ஒசாமு தனபேயின் உருவங்களும் கசுவோ ஓகாவின் நிலக்காட்சிகளும் அவர் மனத்தில் இருந்ததற்கு வடிவம் கொடுத்தன. வழக்கமான அனிமேஷன் படத்தில் பின்னணி ஓவியம் ஒரு தினுசாகவும் அதன் முன் நகரும் உருவம் வேறு தினுசாகவும் இருக்கும். இங்கே இரண்டும் ஒரே தாளில் ஒரே கையால் வரைந்தவைபோல் இருக்கின்றன. ஓரங்கள் வெள்ளையாகவே விடப்பட்டிருக்கின்றன.

அரண்மனை விருந்தில் குடித்த விருந்தாளிகள் திரைக்குப் பின்னிருக்கும் பெண்ணைப் பற்றி இழிவாகப் பேசும் காட்சி ஒன்று உண்டு. அவள் கையிலிருந்த சிப்பி நொறுங்குகிறது. கதவுகளை உடைத்துக்கொண்டு ஓடுகிறாள். அடுக்கடுக்காக உடுத்தியிருந்த பட்டெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்கிறது. அதுவரை மெல்லியதாக இருந்த கோடு இப்போது தாளைக் கிழிக்கும் கரித்துண்டாகிறது. முகம் கிறுக்கலாகிறது, நிலவு மட்டும் அசையாமல் நிற்கிறது. கோபத்தை இத்தனை நேராகக் காட்டிய அனிமேஷன் காட்சி அரிது. உருவங்களுக்கு முப்பரிமாண மெருகேற்றும் படங்களில் இது கைகூடாது என்றே சொல்லலாம்.

இத்தனைக்கும் தந்தை கொடியவர் அல்லர். மகள் நன்றாக வாழவேண்டும் என்று நினைப்பவர். நல்ல வாழ்வு என்றால் பட்டும் பதவியும்தான் என்று நம்புபவர். இப்படிப்பட்ட அப்பாக்கள் எந்த ஊரில் இல்லை? புருவத்தைப் பிடுங்கச் சொல்லும் ஆசிரியையிடம், அப்புறம் வியர்வை கண்ணில் இறங்குமே என்கிறாள் மகள். உயர்குடிப் பெண்ணுக்கு வியர்க்கும் வேலை இல்லை என்பது பதில். வெயிலில் பருத்தி எடுத்தவர்களுக்கு அந்தப் பதிலின் அர்த்தம் விளக்காமலே புரியும்.

ஓடிப்போய்ச் சேரும் மலையில் பழைய ஊர் இல்லை. மரக்கிண்ணம் கடைபவர்கள் இடம் மாறிவிட்டார்கள், மரங்கள் மறுபடி வளரப் பத்தாண்டு ஆகும் என்கிறார் கரி சுடுபவர். இந்தத் தொழிலும் இந்தக் கணக்கும் மூலக்கதையில் இல்லை. ஆட்டுக் கிடை நிலம் நிலமாக மாறிப்போவதைப் பார்த்த கரிசல்காரர், மலையை ஓயவிட்டுப் போகும் இந்த மனிதர்களை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

படம் சறுக்கும் இடமும் உண்டு. சுத்தேமாரு மூலத்தில் இல்லாத பாத்திரம். காகுயாவின் சிறுவயதுத் தோழன். மனைவியும் குழந்தையும் உள்ள அவன், பின்னால் காகுயாவைச் சந்தித்ததும் அவளோடு போகத் துணிகிறான். இருவரும் வானில் பறக்கிறார்கள். கண்விழித்ததும் அது கனவாகிவிட, குடும்பத்திடம் திரும்புகிறான். அழகான காட்சிதான். ஆனால் அந்த மனைவியைப் பற்றிப் படத்துக்கு ஒரு கேள்வியும் இல்லை. கி.ரா.வின் ‘கிடை’ இப்படி நழுவுவதில்லை. காதலித்தவன் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணான அவளுக்கோ பேயோட்டுகிறார்கள். விலை கொடுத்தது யார் என்பதை அந்தக் குறுநாவல் மறைப்பதில்லை. (அதைத் தழுவி அம்ஷன் குமார் 2003-இல் ‘ஒருத்தி’ என்ற படம் எடுத்தார்.)

முடிவில் தகஹாத்தா வெட்டியதும் கவனிக்கத்தக்கது. மூலக்கதையில் பேரரசருக்குக் காகுயா சாகா மருந்து விட்டுச் செல்கிறாள்; அவர் அதை ஃபூஜி மலை உச்சியில் எரிக்கச் சொல்கிறார்; மலையின் பெயர்க்காரணத்தோடு கதை முடிகிறது. படத்தில் மருந்தும் இல்லை, மலையும் இல்லை. துள்ளலான இசையோடு மேகத்தில் நிலவுலகத்தார் இறங்குகிறார்கள். ஹிசாய்ஷியின் இசையில் துக்கத்தின் சாயலே இல்லை. துக்கம் அறியாதவர்களின் இசை அது. பூமியின் அழுக்கை மறந்துவிடுவாய் என்கிறாள் தோழி. அழுக்கில்லை, பறவையும் பூச்சியும் புல்லும் மனிதரும் இருக்கும் இடம் என்று காகுயா சொல்லத் தொடங்குகிறாள். சொல்லி முடிக்குமுன் மறதி ஆடை தோளில் விழுகிறது. பேச்சு பாதியில் நிற்கிறது.