மெல்லிசை மேடையில் ‘ட்ராக்’ இசையும் பாடல் வரிசையும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிறிய மெல்லிசை மேடைகளில் கருவியாளர்களுக்கு மாற்றாகவோ துணையாகவோ முன்பே பதிவு செய்யப்பட்ட இசை ஒலிக்கவிடப்படுகிறது. வழக்கில் ‘ட்ராக்’ எனப்படும் இவ்விசை, நேரடி நிகழ்ச்சியின் உயிர்ப்பை அழித்துவிட்டது என்னும் குற்றச்சாட்டு பரவலாக உள்ளது. அக்குற்றச்சாட்டு ஒலியின் தன்மையோடு நின்றுவிடுவதால் சிக்கலின் மையத்தைத் தவறவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பாடுபவரைக் கேட்டுத் தன்னை மாற்றிக்கொள்ளும் செவியே மேடை இழந்தது. அச்செவி இன்று எஞ்சியிருக்கும் இடங்களாகப் பாடல் வரிசையும் அதனை இயக்குபவரின் பணியும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெல்லிசைக் குழு, ட்ராக், பாடல் வரிசை, நிகழ்த்துதல், அரங்கேற்று காதை, பக்க இசை

முன்னுரை

மெல்லிசைக் குழு என்றாலே வயலின், புல்லாங்குழல், கிதார், தபேலா, டோலக், டிரம்ஸ் என ஒரு பெருங்கூட்டம் அமர்ந்த மேடை கண்முன் தோன்றிய காலம் ஒன்று இருந்தது. 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரையிசைக்கு வந்த இளையராஜா, அதற்குமுன் பாவலர் சகோதரர்கள் குழுவோடு ஊர்தோறும் மேடையேறியவர் என்பது அம்மரபின் வலிமைக்குப் போதிய சான்று. இன்று அதே கோயில் கொடையிலும் திருமண வரவேற்பிலும் ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், இரண்டு பாடகர், ஒரு மடிக்கணினி ஆகியவை மட்டுமே காணப்படும் மேடைகள் பெருகியுள்ளன. சில மேடைகளில் கீபோர்டும் இல்லை.

இம்மாற்றத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரங்கல் உரையாகவே அமைகிறது. ‘உயிருள்ள இசை போய்விட்டது’ என்பது அதன் சாரம். வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய கட்டுரையிலிருந்து ‘ஒளிவட்டம்’ என்னும் கருத்தை எடுத்து இவ்விரங்கலுக்குக் கோட்பாட்டுத் துணை தேடுவதும் எளிது. ஆனால் இங்கு அக்கருத்து சரியாகப் பொருந்துவதில்லை. பெஞ்சமினின் சிந்தனையில் மூலம் தனித்தது. படி பின்னர் வருவது. மெல்லிசைக் குழு பாடும் திரைப்பாடலுக்கோ பதிவே மூலம். ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்து, வானொலியிலும் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் கேட்கப்பட்ட பின்னரே அது மேடைக்கு வந்தது. நேரடி நிகழ்ச்சி என்னும் கருத்தே பதிவு தோன்றிய பின்னர்தான் பொருள் பெறுகிறது என ஃபிலிப் ஆஸ்லேண்டர் 1999இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். மேலை ராக் இசையை முன்வைத்து அவர் கூறியது மெல்லிசை மேடைக்கு இன்னும் நேராகப் பொருந்துகிறது.

பதிவைப் போலவே

மெல்லிசைக் குழுவுக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு ‘அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்தது’ என்பதாகும். ஒலிநாடாவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு முன்னிசையையும் இடையிசையையும் குறிப்பெடுத்து, புல்லாங்குழலின் ஒரு சிறு வளைவையும் விடாமல் வாசிப்பதே தேர்ச்சியின் அளவுகோலாக இருந்தது. பின்னாளில் கீபோர்டு பல கருவிகளின் ஒலியைத் தன்னுள் அடக்கி வந்தபோது, அது அந்த அளவுகோலின்படியே வரவேற்கப்பட்டது. பாடகரின் குரலை மட்டும் நீக்கிய ட்ராக் அதே அளவுகோலின் கடைசிப் படி. ‘பதிவைப் போல’ என்னும் உவமை ட்ராக்கில் உவமையாக இல்லை. அங்கே ஒலிப்பது பதிவுதான்.

கருவியாளர்களின் வாழ்வாதாரம் பற்றிய வாதம் இவ்விடத்தில்தான் வலுவிழக்கிறது. விழாக் குழுவினரிடம் தபேலாக் கலைஞர் ஒருவருக்காக வாதாடுபவர் ‘நேரில் வாசித்தால் ஒலி நன்றாக இருக்கும்’ என்று சொன்னால், ‘ட்ராக்கில் இன்னும் நன்றாக இருக்கிறதே’ என்னும் விடை வரும். அவ்விடை பொய்யன்று. திறந்த வெளியில், ஓர் எளிய மிக்சரில், போதிய ஒத்திகையின்றி எழும் பத்துக் கருவிகளின் ஒலியைவிடக் கூடத்தில் செம்மைப்படுத்தப்பட்ட ட்ராக் தெளிவாகவே கேட்கிறது. ஒலியை முன்வைத்து வாதாடும் கருவியாளர் தோற்கும் களத்தைத் தாமே தேர்ந்துகொள்கிறார். வேறொரு களம் தேவை.

வழி நிற்றல்

அக்களத்தைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை காட்டுகிறது. மாதவியின் அரங்கேற்றத்திற்கு வேண்டிய ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வகுக்கிறார். தண்ணுமையோனுக்கு அவர் கூறும் தகுதி வெறும் தாள அறிவோடு முடிவதில்லை. யாழையும் குழலையும் மிடற்றுப் பாடலையும் கேட்டு, குறையும் இடத்தை நிரப்பியும் மிகும் இடத்தை அடக்கியும் வாசிக்க வல்லவன் அவன். ஆக்கல், அடக்கல் என்பவை அங்குள்ள சொற்கள். பின்னர் அரங்கில் இசை எழும்போது குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், தண்ணுமையின் வழி முழவும் நிற்பதாகக் காப்பியம் கூறுகிறது.

வழி நிற்றல் என்னும் இக்கருத்து பக்க இசையின் இலக்கணமாகவே கொள்ளத்தக்கது. ஒரு கருவி மற்றொன்றைக் கேட்கிறது. கேட்டதற்கேற்பத் தன்னை வைத்துக்கொள்கிறது. மெல்லிசை மேடையிலும் இது நிகழ்ந்தது. பாடகர் சரணத்தை அரை ஆவர்த்தனம் தாமதித்து எடுத்தால் தபேலாக் கலைஞர் ஒரு சுற்றை நீட்டி அவருக்காகக் காத்திருப்பார். பாடகி மேல் பஞ்சமத்தில் திணறினால் கீபோர்டில் அந்தச் சுரம் சற்று உரக்க எழுந்து அவரைத் தாங்கும். பாடல் வரி மறந்த பாடகரை இடையிசையின் இரண்டாம் சுற்று காப்பாற்றியது கேட்போர் பலருக்குத் தெரிந்தே இருக்காது. ட்ராக் மேடையில் வழி நிற்றல் ஒரு திசையில் மட்டுமே செல்கிறது. பாடகர் ட்ராக்கின் வழி நிற்கிறார். ட்ராக் எவர் வழியும் நிற்பதில்லை.

கரோக்கியின் தோற்றம் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. ஜப்பானின் கோபே நகரில் 1971இல் அக்கருவியை அமைத்த இனொவே தைசுகே, விடுதிகளில் வாடிக்கையாளர் பாடுவதற்கு உடன் வாசிக்கும் தொழில் செய்தவர். தம் வாசிப்புக்கு மட்டுமே பாடப் பழகியிருந்த ஒருவர் பயணத்திற்கு அழைத்தபோது, உடன் செல்ல இயலாமல், அவருக்காக வாசித்துப் பதிந்த நாடாவைக் கொடுத்தனுப்பினார். அதுவே தொடக்கம். ஒரு குறிப்பிட்ட குரலை நன்கறிந்த பக்க இசைக் கலைஞர் அக்குரலுக்கென்றே செய்த பதிவு அது. பின்னர் உலகெங்கும் பரவியது அப்பதிவின் வடிவம் மட்டுமே. அதன் பின்னிருந்த செவி பரவவில்லை. ‘மைனஸ் ஒன்’ என்னும் தொடரைத் தன் பெயரிலேயே கொண்டு 1950இல் அமெரிக்காவில் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனமும், ஒரு கருவி நீக்கிய பதிவுகளை வீட்டில் பயில்வோருக்காகவே வெளியிட்டது. மேடை அதன் முதல் நோக்கமன்று.

கருவி மனிதரை இடம்பெயர்ப்பது எல்லாவிடத்தும் ஒரே விளைவைத் தருவதில்லை. கருநாடக இசை மேடையில் தம்புராக் கலைஞரின் இடத்தில் மின்னணுச் சுருதிப்பெட்டி அமர்ந்துள்ளது. தம்புராவின் நாதத்தை விரும்புவோர் வருந்தலாம். எனினும் அப்பெட்டி சுருதியை மட்டுமே நிலைநிறுத்துகிறது; காலத்தைத் தொடுவதில்லை. ஆலாபனை ஐந்து நிமிடமா இருபது நிமிடமா என்பதைப் பாடகரே முடிவு செய்கிறார். பரதநாட்டியத்தின் நிலை இதற்கு மாறானது. பக்க இசைக் குழுவுக்குச் செலவிட இயலாத சிறு மேடைகளில் பதிவுசெய்த இசைக்கே பதமும் ஆடப்படுகிறது. பதத்தில் ஓர் அடியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் வேறொரு சஞ்சாரி காட்டுவது மரபு. எத்தனை முறை என்பது அன்றைய அவையையும் ஆடுபவரின் மனநிலையையும் பொறுத்தது. பதிவில் அந்த எண் முன்பே முடிந்துவிடுகிறது. சுருதிப்பெட்டியைப் பற்றிய வருத்தத்தையும் பதிவுப் பதத்தைப் பற்றிய வருத்தத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பிழை.

பாடல் வரிசை

காலத்தின் மீதான உரிமை பாடலுக்குள் இல்லாமற்போகும்போது அது பாடல்களுக்கு இடையில் வந்து தங்குகிறது. ட்ராக் மேடையில் கலைஞரின் தீர்ப்பு செயல்படக்கூடிய பெரும்பகுதி பாடல் வரிசையே. ஆனால் அவ்வரிசை ஒரு காகிதக் குறிப்பு என்றே கருதப்பட்டு ஆய்வில் போதிய இடம் பெறாமல் உள்ளது.

கச்சேரி வரிசைக்கு இந்நிலை இல்லை. அரியக்குடி இராமானுஜ ஐயங்காரோடு (1890–1967) இணைத்துப் பேசப்படும் கச்சேரிப் பத்ததி, வர்ணத்தில் தொடங்கி, சிறு கீர்த்தனைகள், விரிவான உருப்படி, தனியாவர்த்தனம், துக்கடா எனச் சென்று மங்களத்தில் முடிவது பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அப்பத்ததி உருப்படியின் வகையையும் இடத்தையும் வரையறுத்ததே அன்றி நீளத்தை வரையறுக்கவில்லை. மெல்லிசை மேடைக்கும் எழுதப்படாத ஒரு பத்ததி உண்டு. பிள்ளையார் பாடலில் தொடங்கி, அவ்வூர் அம்மனுக்கோ முருகனுக்கோ ஒரு பாடல், முதியோர் விழித்திருக்கும் வேளையில் பழைய பாடல்கள், நடுவில் இருகுரல் பாடல்கள், இறுதியில் இளைஞர் எழுந்தாடும் பாடல்கள் என்பது அதன் பொதுப்போக்கு. ஒலி மாசு தொடர்பான 2000ஆம் ஆண்டு விதிகள் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கியைப் பொதுவாகத் தடை செய்த பின்னர், இவ்வரிசை பெரும்பாலும் பின்னோக்கியே எழுதப்படுகிறது. 10 மணிக்கு முன் எந்தப் பாடல் முடியவேண்டும் என்பதிலிருந்து தொடக்கம் கணக்கிடப்படுகிறது.

ட்ராக் இவ்வரிசைக்குள் புதிய கட்டுப்பாடுகளைக் கொண்டுவருகிறது. ஒரு பாடல் பாடகிக்கு ஒரு கட்டை குறைவாக வேண்டுமெனில், கீபோர்டில் அது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. ட்ராக்கில் கோப்பையே மாற்றியமைக்கவேண்டும். அதிகம் இறக்கினால் கருவிகளின் ஒலி கம்மிப்போகும். எனவே ஒரே பாடல் இரண்டு மூன்று கட்டைகளில், பெயரோடு கட்டையும் குறிக்கப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. இருகுரல் பாடலில் ஆண்குரல் மட்டும் நீங்கிய ட்ராக்கும் இருகுரலும் நீங்கிய ட்ராக்கும் வேறு வேறு. அவை மாறி ஒலித்தால், பாடகி வாய் திறக்குமுன்னரே மூலப்பாடகியின் குரல் பந்தலெங்கும் எழும். வெவ்வேறு இடங்களிலிருந்து பெற்ற ட்ராக்குகள் வெவ்வேறு உரப்பில் இருப்பதும் வரிசையைப் பாதிக்கிறது. முன்னதைவிட மெலிந்த ட்ராக் அடுத்து வந்தால் நல்ல பாடலும் சோர்வாகக் கேட்கும். கோப்புகளுக்கு எண்ணிடுவது, உரப்பைச் சமன் செய்வது, கைப்பேசியிலிருந்து ஒலிக்கவிடுவோர் அழைப்பு வராதபடி அதை முடக்கிவைப்பது ஆகியவை எழுத்தர் வேலைபோலத் தோன்றலாம். உண்மையில் இவை முன்கூட்டியே செய்யப்படும் ஆக்கலும் அடக்கலும்.

முன்கூட்டிச் செய்ய இயலாதவையும் உள்ளன. தமிழக மேடை இடையீடுகள் நிறைந்தது. பாடலின் நடுவே ஊர்ப் பெரியவர் பொன்னாடையோடு ஏறுவார். காணாமற்போன குழந்தையைப் பற்றி அறிவிக்கவேண்டியிருக்கும். நன்கொடையாளர் பெயர் வந்துகொண்டே இருக்கும். ‘ஒன்ஸ் மோர்’ குரல் எழும். பாடல் கேட்டுச் சீட்டு வரும். கருவிக் குழுவின் தலைவர் கையைச் சுழற்றினால் முன்னிசை மெல்லிய ஒலியில் சுற்றிக்கொண்டிருக்கும். பொன்னாடை முடிந்ததும் பல்லவி எழும். அந்த இடையீடும் இசைக்குள்ளேயே நிகழ்ந்தது. ட்ராக்கை நிறுத்தினால் அமைதி விழுகிறது. அவ்வமைதியை நிரப்பத் தொகுப்பாளர் பேசுகிறார். ட்ராக் மேடைகளில் நகைச்சுவைப் பேச்சு மிகுந்திருப்பதற்கு அவை ரசனையின் தாழ்வைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. பேச்சு மிகுந்தது இசை நெகிழ்வை இழந்ததன் விளைவு எனக் கொள்வதே பொருத்தம்.

இயக்குபவர்

முழு ட்ராக்குக்கும் முழுக் குழுவுக்கும் இடைப்பட்ட மேடைகளே எண்ணிக்கையில் மிகுதி எனலாம். நரம்பிசையும் கூட்டுக்குரலும் ட்ராக்கில் வர, தாளக்கருவி நேரில் வாசிக்கப்படுவது ஒரு முறை. இதனைப் பாதி உயிர்ப்பு எனப் பாராட்டுவதில் தயக்கம் தேவை. ட்ராக்கின் ஒரு பக்கத்தில் இசையும் மறுபக்கத்தில் காலக் கணக்குக்கான ‘கிளிக்’ ஒலியும் பதியப்பட்டு, அந்தக் கிளிக்கைக் காதில் மாட்டிக்கொண்டு வாசிக்கும் டிரம்ஸ் கலைஞர் பாடகரைக் கேட்கும் நிலையில் இல்லை. அவர் மேடையில் இருக்கிறார். வழி நிற்பவராக இல்லை. இதற்கு மாறாக, ட்ராக்கை முன்னிசை, பல்லவி, சரணம் எனப் பகுதிகளாக வெட்டிவைத்து, பாடகரின் முகத்தைப் பார்த்து அடுத்த பகுதியை எடுத்துவிடும் மடிக்கணினி இயக்குநர் ஒரு கருவியையும் தொடாமலேயே தண்ணுமையோனின் பணியைச் செய்கிறார். பகுதிகளைச் சுழலவிடவும் விரும்பிய இடத்திற்குத் தாவவும் இடந்தரும் மென்பொருள்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. குறைவது அவற்றைப் பயன்படுத்தும் செவிப்பயிற்சி. அப்பயிற்சி பெற்றவர்கள் வேறு யாருமல்லர். இருபது ஆண்டுகள் பாடகரின் மூச்சைக் கேட்டு வாசித்துவிட்டு, ட்ராக் வந்தபின் மேடையிழந்த கருவியாளர்களே. வாழ்வாதார வாதத்தை வைப்பதற்குரிய களம் இதுதான்.

இயக்குபவரின் பெயர் மேடையில் பெரும்பாலும் அறிவிக்கப்படுவதில்லை. ஒலிபெருக்கி ஆளோடு சேர்த்து எண்ணப்படும் அவருடைய பணியைத் திறனாய்வு எவ்வாறு கேட்பது என்பதற்குப் பாடலின் முடிப்பே தக்க இடம். திரைப்பாடல் பதிவுகள் பல, ஒலி தேய்ந்து மறைவதாக முடிகின்றன. மேடையில் ஒரு குழுவால் அவ்வாறு தேய்ந்து மறைய இயலாது. எனவே ஒவ்வொரு குழுவும் அத்தகைய பாடலுக்குத் தனக்கென ஒரு முடிப்பை உருவாக்கியது. பல்லவியின் கடைசிச் சொல்லில் மூன்று முறை நின்று முடிப்பதோ, தபேலாவில் ஒரு சிறு தீர்மானம் வைப்பதோ குழுவுக்குக் குழு வேறுபட்டது. பதிவையே பின்பற்றிய மரபில் பதிவில் இல்லாத ஒன்றை அவர்கள் படைத்தாகவேண்டிய இடம் அது. ட்ராக்கில் தேய்வு அப்படியே இருக்கிறது. சில மேடைகளில் ஒலி முற்றும் மறைந்த பின்னும் பாடகர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நிற்க, கைத்தட்டல் எப்போது தொடங்குவது என அவை தயங்குகிறது. வேறு சில மேடைகளில் இயக்குபவர் தேய்வு தொடங்குமுன் ட்ராக்கை அறுத்து, அதற்கென்று தாமே வாசித்துப் பதிந்துவைத்த இரண்டு நொடித் தீர்மானத்தை எடுத்துவிடுகிறார். பாடகரின் கடைசிச் சொல் அதன்மேல் வந்து விழுகிறது.