பிஞ்சு நெஞ்சில் எந்தப் படம்?

ஏடு படிக்குமுன் படம் படிக்கிறது குழந்தை. எழுத்துக் கூட்டத் தெரியாத பருவத்திலேயே, இவன் நல்லவன், அவன் தீயவன் என்று படத்தைச் சுட்டிச் சொல்லிவிடுகிறது. சொல்லிக் கொடுத்தது யார்? தீட்டியவனின் தூரிகை! ஆகவேதான், தொடக்கப்பள்ளி வகுப்பறைக்கு எந்தப் படக்கதை வேண்டும் என்பதைப் பொம்மை வாங்கும் பேச்சாக நாம் கருதுவதற்கில்லை.

1967-ஆம் ஆண்டு ‘அமர் சித்திரக் கதா’ வரிசையைத் தொடங்கினார் அனந்த் பை. தில்லித் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில், கிரேக்கப் புராணத்துக்கு விடை சொன்ன பிள்ளைகள், இராமனின் தாய் யாரென்று கேட்டதும் விழித்தனராம். அது கண்ட வருத்தமே வரிசைக்கு வித்து என்பர். வருந்தட்டும், குறை சொல்லோம். ஆனால், நீ குடிக்கும் நீருக்குப் பானை வனைந்தவர் யார், நீ உடுத்த துணியை நெய்தவர் யார் என்று அதே பிள்ளைகளைக் கேட்டிருந்தால் விடை வந்திருக்குமா? வராதே என்று வருந்தியவர் எத்தனை பேர்?

அந்த வரிசையின் விறுவிறுப்பை நாம் மறுக்கவில்லை. அம்பேத்கர் வரலாற்றையும் அது வெளியிட்டதுண்டு. எனினும் அதன் புராண இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். தேவர் பெரும்பாலும் வெளுத்த மேனியர். அரக்கரோ கருத்த மேனியர், பருத்த உடலினர், கோரைப் பல்லினர். வெயிலில் உழுது கருத்த உழவனின் மகள் அந்தப் படத்தைப் பார்க்கிறாள். தன் தந்தையின் நிறம் யாருக்குத் தரப்பட்டிருக்கிறது என்பதைக் காண்கிறாள். வாய் திறந்து கேட்கமாட்டாள். ஆனால் நெஞ்சில் பதிந்தது எளிதில் அழியுமா?

அந்த மகளின் கையில் நாம் கொடுக்க விரும்பும் நூல்கள் இரண்டு.

முதலாவது ‘பீமாயணா’. 2011-இல் தில்லி நவயானா பதிப்பகம் வெளியிட்டது. எழுதியோர் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். ஓவியம் தீட்டியோர் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் பர்தான் கோண்டுப் பழங்குடி இணையர். அம்பேத்கரின் வாழ்வே கதை. சத்தாராப் பள்ளியில் கோணி விரித்துத் தனியே அமர்த்தப்பட்ட சிறுவன் பீம், தாகமெடுத்தாலும் குழாயைத் தொடக்கூடாது. ஏவலாள் வந்து திறந்தால் நீர். வராத நாளில் வறண்ட நாக்கு! 1901-இல் தந்தையைக் காணப் புறப்பட்ட பிள்ளைகள், இன்னார் என்று தெரிந்ததும் வண்டிக்காரன் ஓட்ட மறுக்க, இரட்டைக் கூலி கொடுத்துத் தாங்களே வண்டியோட்டிச் சென்றனர். தொடாதே என்று தடுக்கப்பட்ட அந்தச் சிறுவன்தான், 1927-இல் மகாத் நகரத்துச் சவதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி நீர் அருந்தினார்.

படம் தீட்டிய முறையும் பாராட்டத்தக்கது. மாந்தரைக் கட்டத்துக்குள் அடைக்க அந்த ஓவியர்கள் மறுத்துவிட்டனர். வீட்டுச் சுவரிலும் தரையிலும் தம் மக்கள் தீட்டும் கோலவடிவங்களே பக்கங்களைப் பிரிக்கின்றன. அன்புச் சொல் பறவை வடிவில் வருகிறது. நஞ்சுச் சொல் தேள்கொடுக்கு முளைத்து வருகிறது. எழுத்தறியாப் பிள்ளையும் எது கொட்டும் சொல் என்று கண்டுகொள்ளும்!

குறை இல்லையா? உண்டு. நம் காலத்துச் சாதிக் கொடுமை பற்றிய நாளேட்டுச் செய்திகள் இடையிடையே வருகின்றன. இட ஒதுக்கீட்டு விவாதமும் வருகிறது. அவை சிறு வகுப்புக்கு ஏற்ற சுமையல்ல. நான்காம், ஐந்தாம் வகுப்பில், நீர் பற்றிய முதற்பகுதியை மட்டும் ஆசிரியர் உடனிருந்து காட்டுவதே முறை.

இரண்டாவது நூல், காஞ்சா அய்லய்யா எழுதி, அதே துர்காபாய் ஓவியம் தீட்டி, 2007-இல் வந்தது. பானை வனைதல், நிலம் உழுதல் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பைத் தாங்கியது. குயவர், நெசவாளர், தோல் பதனிடுவோர், சலவை செய்வோர், முடிதிருத்துவோர் ஆகியோரின் உழைப்பில் எத்துணை அறிவு அடங்கியிருக்கிறது என்று விளக்குவது. எந்த மண் உருக்கொள்ளும், எந்தச் சூட்டில் சுட்டால் உடையாது என்றறிந்தவன் அறிவாளி அல்லனா? தன் குலத்தொழிலைச் சொல்ல நாணித் தலைகுனியும் பிள்ளை, இதைக் கேட்டால் தலைநிமிரும். அதே வேளையில், அந்தத் தொழிலுக்குள்ளேயே அடைபட வேண்டியதில்லை என்பதையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்லவேண்டும்.

“கொடுமையைக் குழந்தைக்குக் காட்டலாமா? பிஞ்சு மனம் வாடாதா?” என்று கேட்பர் சிலர். கதையில் தண்ணீருக்குத் தவித்த பீமும் பிஞ்சுதானே! வளர்ந்த பிறகு இழிவு செய்வோம் என்று அவனுக்காகக் காத்திருந்ததா சாதி? பத்து வயதுக் குழந்தை பட்ட துயரை, பத்து வயதுக் குழந்தை அறியக்கூடாது என்பது அருளா, அல்லது மூடிமறைக்கும் சூழ்ச்சியா?

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், ‘நுழை, நட, ஓடு, பற’ என நூல்களைப் படிப்படியாய் அமைத்தது. பாடநூலுக்கு அப்பாலும் படிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட நற்செயல் அது. திறந்த கதவு வழியே எது நுழைகிறது என்று பார்ப்பது நம் கடமை.

தோழர்களே! உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குச் சென்று, அங்குள்ள படக்கதைகளை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதில் உழைப்பவன் வீரனாக வருகிறானா? பெண் தானே முடிவெடுக்கிறாளா? படித்து முடித்த குழந்தை, ‘ஏன்?’ என்று கேட்குமா, கைகூப்பி நிற்குமா? விடை கண்டபின் நல்ல நூல் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். கொடுத்து அலமாரியில் பூட்டவிடாதீர். ஆசிரியரின் இசைவு பெற்று, ஆங்கில நூலாயினும் நம் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். மாலைக்கும் மேடைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி போதும். ஒரு வகுப்பறையே ‘ஏன்?’ என்று கேட்கத் தொடங்கும்!